கடதாசியில் துளையிட்ட மனிதர்: கொன்லன் நான்கரோவின் வாழ்வும் இசையும்

சென்ற இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் நானும் சேவன் என்ற ஊருக்குப் போனோம். பாசல் நகருக்குப் பக்கத்தில், சொலத்தூர்ண் மாநிலத்தில் உள்ள சிற்றூர் அது. அங்கே தானாக வாசிக்கும் இசைக்கருவிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மகள் பியானோ படிக்கிறாள். அவளுக்காகத்தான் போனேன். எனக்கு இசையில் பெரிய ஞானம் கிடையாது. நான் வர்த்தகப் பட்டதாரி. இங்கே எம்மவர்களின் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கணக்கு எழுதிக்கொடுத்து வாழ்பவன்.

வழிகாட்டி ஒரு பழைய பியானோவின் முன்பலகையைத் திறந்து, துளைகள் நிறைந்த கடதாசிச் சுருள் ஒன்றை மாட்டினார். சுருள் மெல்லச் சுழன்றது. கட்டைகள் தாமாகவே அமிழ்ந்து எழுந்தன. எல்லோரும் கட்டைகளைப் பார்த்தார்கள். என் கண் மட்டும் கடதாசியில் நின்றது. நிரல் நிரலாகத் துளைகள். ஒவ்வொரு நிரலும் ஒரு கட்டைக்கு. மேலிருந்து கீழாக நேரம் ஓடுகிறது. இது பேரேடு அல்லவா என்று எனக்குள் ஒரு சிரிப்பு.

திரும்பி வரும்போது பேருந்தில் மகள் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தவள், "அப்பா, இந்த மாதிரிப் பியானோவுக்கென்றே வாழ்க்கை முழுக்க இசை எழுதின ஒரு அமெரிக்கர் இருந்திருக்கிறார். அவருக்குப் பாஸ்போர்ட் குடுக்கேல்லையாம். வேற நாட்டுக்குப் போய்த்தான் இருந்தவராம்" என்றாள்.

அன்றிரவு அந்தப் பெயரைத் தேடிக் கேட்கத் தொடங்கினேன். குசினியில் நின்ற மனைவி எட்டிப் பார்த்து, "என்னப்பா, கொம்பியூட்டர் பழுதோ?" என்று கேட்டார். அவரில் பிழையில்லை. முதல் தடவை கேட்டால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த மனிதரின் கதையும் அவர் போட்ட கணக்கும் என்னை விடவில்லை. எனக்கு விளங்கிய அளவில் உங்களுக்கும் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

யார் இந்த நான்கரோ?

கொன்லன் நான்கரோ 1912 ஒக்டோபர் 27ஆம் திகதி அமெரிக்காவில் டெக்சார்கானா என்ற நகரில் பிறந்தார். ஆர்கன்சா மாநிலத்துக்கும் டெக்சாஸ் மாநிலத்துக்கும் இடையிலான எல்லைக் கோட்டின் இரு பக்கமும் பரந்திருக்கும் நகரம் அது. தந்தை வசதியான வர்த்தகர். சில காலம் அந்த நகரின் மேயராகவும் இருந்தார். வீட்டில் ஒரு தானியங்கிப் பியானோ இருந்தது. அந்தக் காலத்து நடுத்தர வீடுகளில் அது அதிசயமில்லை. ஆனால் அந்தச் சிறுவனின் காதில் அது ஒட்டிக்கொண்டது.

பையனைப் பொறியியல் படிக்க அனுப்பினார்கள். அது நிலைக்கவில்லை. அவர் ட்ரம்பெட் வாசித்தார். ஜாஸ் இசையில் பைத்தியமாக இருந்தார். சின்சினாட்டி நகரின் இசைக் கல்லூரியில் கொஞ்சக் காலம் படித்தார். பிறகு பொஸ்டன் சென்று ரோஜர் செஷன்ஸ், வோல்ட்டர் பிஸ்டன், நிக்கலாஸ் ஸ்லோனிம்ஸ்கி ஆகியோரிடம் பாடம் கேட்டார். அமெரிக்க இசை உலகில் மூவருமே பெரிய பெயர்கள். பொருளாதார மந்தம் நாட்டை முறித்துப் போட்டிருந்த காலம் அது. பொஸ்டனில் இருந்தபோது அவர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்.

1936இல் ஸ்பெயினில் தளபதி பிராங்கோ, தேர்தலில் தெரிவான அரசுக்கு எதிராக ஆயுதம் எடுத்தார். ஹிட்லரும் முசோலினியும் அவருக்கு உதவினார்கள். குடியரசின் பக்கம் நின்று போராட உலகின் பல நாடுகளிலிருந்தும் தொண்டர்கள் ஸ்பெயினுக்குப் போனார்கள். அமெரிக்காவிலிருந்து போனவர்கள் சுமார் 2800 பேர். ஆபிரகாம் லிங்கன் படையணி என்று அவர்களைச் சொல்வார்கள். 1937இல் நான்கரோவும் அவர்களில் ஒருவரானார். அவர் போர்முனையில் இருந்த நேரத்தில், 1938இல், ஸ்லோனிம்ஸ்கியின் முயற்சியால் அவருடைய சில சிறிய படைப்புகள் அமெரிக்காவில் அச்சில் வந்தன.

1939இல் குடியரசு தோற்றது. உயிரோடு திரும்பிய நான்கரோ, தன்னோடு ஸ்பெயினில் நின்றவர்களுக்குக் கடவுச்சீட்டுக் கிடைப்பது சிக்கலாகி வருவதை அறிந்தார். தானும் விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். சொந்த நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு, அவருடைய அரசியலுக்காகக் கடவுச்சீட்டு இல்லை என்று சொல்லப்பட்டது. இந்த நாட்டில் இனித் தனக்கு நிம்மதி இல்லை என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அமெரிக்கர்கள் அப்போது கடவுச்சீட்டு இல்லாமல் போகக்கூடியதாக இருந்த நாடு மெக்சிக்கோ. லாசரோ கார்டனாஸின் ஆட்சியில் அந்த நாடு ஸ்பெயினில் இருந்து தப்பி வந்த ஆயிரக்கணக்கானோருக்குக் கதவைத் திறந்து விட்டிருந்தது. 1940இல் நான்கரோ மெக்சிக்கோ நகருக்குப் போனார். சாகும்வரை, 57 வருடங்கள், அங்கேதான் இருந்தார். 1950களின் நடுப்பகுதியில் மெக்சிக்கோ குடியுரிமையும் பெற்றார்.

சட்டப்படி பார்த்தால் அவர் அகதி அல்லர். தஞ்சம் கேட்டு எங்கும் விண்ணப்பித்ததில்லை. முகாமில் கிடந்து எங்களைப் போல இலக்கத்தோடு வாழவில்லை. வீட்டுச் சொத்தும் அவருக்குப் பின்னால் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கணக்கில் பொய் எழுதியதாகிவிடும். ஆனால் ஒரு தாளை மறுத்து ஒரு மனிதனை நாட்டுக்கு வெளியே தள்ள முடியும் என்பதை எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வாசிக்க ஆள் இல்லாத இசை

நான்கரோவின் தலைக்குள் இருந்த இசையின் சிக்கல் அதன் தாளத்தில் இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வேகங்களில் இசை ஓட வேண்டும் என்று அவர் விரும்பினார். அந்தக் காலத்து வாத்தியக்காரர்கள் பலருக்கு அது எட்டாத வேலை. 1941இல் நியூயோர்க்கில் ஏழு கருவிகளுக்காக அவர் எழுதிய படைப்பு ஒன்று மேடையேறியது. ஏழு பேரும் ஒன்றாக இருந்து ஒத்திகை பார்க்கவேயில்லை. மேடையில் ஆளுக்கொரு இடத்தில் தடம் மாறிப் போய்விட்டார்கள். அந்த அனுபவம் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது. மெக்சிக்கோவிலோ அவருடைய இசையை வாசிக்கக்கூடியவர்களைத் தேடிப் பிடிப்பது இன்னும் கடினம்.

அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. ஹென்றி கவெல் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1930இல் வெளியிட்ட நூல். இந்தக் கவெல் ஆசிய இசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். பிற்காலத்தில் 'மெட்ராஸ்' என்று பெயர் வைத்தே ஒரு சிம்பொனி எழுதியவர். மனிதர் வாசிக்க முடியாத தாளச் சிக்கல்களைத் தானியங்கிப் பியானோவின் சுருளில் துளையிட்டுக் கேட்கலாமே என்று அந்த நூலில் அவர் போகிற போக்கில் ஒரு யோசனை சொல்லியிருந்தார். கவெல் அதைச் செய்து பார்க்கவில்லை. நான்கரோ அந்த ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டார்.

1947இல் தந்தையின் சொத்தில் இருந்து ஒரு பங்கு கைக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு நியூயோர்க் போய் ஒரு தானியங்கிப் பியானோ வாங்கினார். சுருளில் கையால் துளையிடுவதற்கு ஓர் இயந்திரமும் தனக்கென்று செய்வித்தார். பிறகு மெக்சிக்கோ திரும்பி, வீட்டு வளவில் இருந்த தன் வேலைக்கூடத்துக்குள் புகுந்தார். அதற்குப் பிறகு 1981வரை அவர் அமெரிக்க மண்ணை மிதிக்கவில்லை.

இந்தப் பியானோ எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளே துருத்திகள் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும. வரிசையாகச் சிறு துவாரங்கள் கொண்ட ஓர் உலோகச் சட்டத்தின் மேலாகக் கடதாசி நகரும். கடதாசி துவாரத்தை மூடியிருக்கும்வரை ஒன்றும் நடக்காது. கடதாசியில் உள்ள துளை அந்தத் துவாரத்துக்கு நேரே வந்ததும் காற்று உள்ளே புகும். ஒரு வால்வு திறக்கும். அதற்குரிய சுத்தியல் தந்தியில் அடிக்கும். துளை எங்கே இருக்கிறதோ அந்தச் சுரம். எப்போது வருகிறதோ அந்த நேரம். பத்து விரல் என்ற கட்டுப்பாடு இல்லை. களைப்பு இல்லை. தடம் மாறுவதும் இல்லை.

1920களில் இந்தப் பியானோ அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இருந்தது. வானொலியும் இசைத்தட்டும் வந்து அதைக் கொன்றுவிட்டன. நான்கரோ வாங்கப் போன காலத்தில் அது வழக்கொழிந்த பொருள். ஒரு செத்துப்போன இயந்திரத்தை வைத்துக்கொண்டு யாரும் கேட்டிராத இசையைச் செய்ய இறங்கினார் அவர். ஒலி துல்லியமாக வெட்டி விழ வேண்டும் என்பதற்காகச் சுத்தியல்களில் தோலும் உலோகமும் பொருத்தினார். அதனால்தான் அவருடைய பியானோவில் சாதாரணப் பியானோவின் குழைவு இல்லை. ஒரு கூர்மை இருக்கிறது.

வேலை முறையும் எங்கள் தொழில் மாதிரித்தான். முதலில் வெற்றுச் சுருளில் நேர அளவுகளைப் பென்சிலால் குறிப்பார். பிறகு எந்தச் சுரம் எங்கே என்று திட்டத்தாளில் எழுதுவார். அதன் பிறகு ஒவ்வொரு துளையாகக் கையால் குத்துவார். ஐந்து நிமிட இசைக்கு மாதக்கணக்கில் வேலை. அவருடைய 25ஆம் இலக்கப் படைப்பின் முடிவில் சுமார் 12 விநாடிகளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுரங்கள் கொட்டுகின்றன. அந்த 12 விநாடிகளுக்காக அவர் எத்தனை நாள் குனிந்து நின்றிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

கூட்டு வட்டியும் வர்க்கமூலமும்

நான்கரோ தன் படைப்புகளுக்குக் கவர்ச்சியான பெயர்கள் வைக்கவில்லை. 'தானியங்கிப் பியானோவுக்கான ஆய்வு' என்று சொல்லி இலக்கம் போட்டார். ஏறக்குறைய ஐம்பது ஆய்வுகள். கோப்புக்கு இலக்கம் போடுவது போல.

அவற்றில் மிகுதியானவை 'கனன்' என்ற பழைய ஐரோப்பிய வடிவத்தில் அமைந்தவை. ஒரு குரல் ஒரு மெட்டைத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு குரல் அதே மெட்டைப் பின்னால் தொடங்கும். ஒருவர் பாட மற்றவர் துரத்துவது போன்றது. வழக்கமான கனனில் இரண்டு குரலுக்கும் வேகம் ஒன்று. நான்கரோ என்ன செய்தார் என்றால், பின்னால் வரும் குரலுக்கு வேறு வேகம் கொடுத்தார்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இரண்டு குரல்களின் வேக விகிதம் 3க்கு 4 என்று வையுங்கள். மெதுவான குரலுக்கு மெட்டைப் பாடி முடிக்க 4 நிமிடம் எடுத்தால், வேகமான குரலுக்கு 3 நிமிடம். இரண்டாவது குரலை ஒரு நிமிடம் பிந்தித் தொடங்கினால் இரண்டும் ஒரே கணத்தில் முடியும். தொடக்கத்தில் எதிரொலி 60 விநாடி பின்னால் வருகிறது. மெட்டின் பாதியில் அது 30 விநாடி. முக்கால்வாசியில் 15 விநாடி. கடைசியில் எதிரொலியும் மூல ஒலியும் ஒன்றாகிவிடுகின்றன. இதை அறிந்துகொண்டு கேட்டால், குழப்பமாகத் தெரிந்த சத்தத்துக்குள் இரண்டு ஆட்கள் ஒருவரையொருவர் நெருங்கி வருவது காதில் விழும். அந்தச் சந்திப்புப் புள்ளிதான் அவருடைய இசையின் உயிர். சில படைப்புகளில் அது முடிவில் வரும். சிலவற்றில் நடுவில் வரும்.

36ஆம் ஆய்வில் நான்கு குரல்கள். வேக விகிதம் 17, 18, 19, 20. மெதுவானது முதலில் புறப்படும். மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். நடுவில் நான்கும் ஒரே புள்ளியில் சந்திக்கும். அதற்குப் பிறகு வேகமானது முந்திக்கொண்டு போய் முதலில் முடித்துவிடும். முதலில் புறப்பட்டது கடைசியாக வந்து சேரும். புறப்பட்ட ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது.

மிருதங்கம் படிக்கும் பிள்ளைகள் உள்ள பெற்றோர் கேட்கலாம், எங்கள் நடை மாற்றமும் இதுதானே என்று. ஓரளவுக்கு ஆம். ஆனால் எங்கள் இசையில் எத்தனை கணக்குப் போட்டாலும் கீழே ஒரு தாளம் ஓடிக்கொண்டிருக்கும். எல்லோரும் கையில் அதைப் போட்டுக்கொண்டு சமத்துக்குத் திரும்பி வருவார்கள். நான்கரோவின் இசையில் பொதுத் தாளம் என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு குரலும் தன் நேரத்தோடு போகிறது. சந்திக்கும் இடம் ஒன்றுதான்.

என்னை நாற்காலி நுனிக்கு இழுத்தது 27ஆம் ஆய்வு. அதில் ஒரு குரல் மணிக்கூடு மாதிரி மாறாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி மற்றக் குரல்கள் வேகம் கூடியும் குறைந்தும் ஓடுகின்றன. எவ்வளவு கூடுகின்றன என்றால், 5 வீதம், 6 வீதம், 8 வீதம், 11 வீதம். ஒவ்வொரு சுரமும் அதற்கு முந்திய சுரத்தை விட அந்த வீதத்தால் மாறுகிறது. இது கூட்டு வட்டி! 72ஐ வட்டி வீதத்தால் பிரித்தால் முதல் இரட்டிப்பாகும் காலம் ஏறக்குறையக் கிடைக்கும் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். அதே விதி இங்கேயும் செல்லும். 5 வீதக் குரல் சுமார் 14 சுரங்களில் வேகத்தை இரட்டிப்பாக்கும். 11 வீதக் குரலுக்கு ஆறேழு சுரங்கள் போதும். கடன் அட்டையில் மாட்டிய வாடிக்கையாளர்களுக்கு வருடக்கணக்காக நான் விளங்கப்படுத்தி வந்த விடயத்தை ஒருவர் பியானோவில் வாசித்துக் காட்டியிருக்கிறார். தொடக்கத்தில் மாற்றம் தெரியாது. தெரிய வரும்போது பிடிக்க முடியாது.

21ஆம் ஆய்வில் இரண்டே குரல்கள். ஒன்று மெதுவாகத் தொடங்கி மேலும் மேலும் வேகமாகிறது. மற்றது கடும் வேகத்தில் தொடங்கி அடங்கி வருகிறது. நடுவில் ஒன்றையொன்று கடந்து போகின்றன. தாளில் வரைந்தால் இரு கோடுகள் குறுக்கே வெட்டும் வடிவம். இசை அறிவு எதுவும் இல்லாமல் கேட்டு இரசிக்கக்கூடியது இது.

33ஆம் ஆய்வில் விகிதம் 2க்கு இரண்டின் வர்க்கமூலம். இன்னொன்றில் கணிதத்தின் இரண்டு புகழ்பெற்ற மாறிலிகளான ஈயும் பையும். இரண்டுக்கும் அதன் வர்க்கமூலத்துக்கும் பொது அளவு கிடையாது. எவ்வளவு நுணுக்கமாக வகுத்தாலும் மீதி வரும். ஐந்தொகை ஐந்து சதத்தால் சமப்படாவிட்டால் கணக்காளனுக்கு நித்திரை வராது. ஒருபோதும் சமப்படாத இரண்டு எண்களை வேண்டுமென்றே எடுத்து, அவற்றை ஒரு புள்ளியில் சந்திக்க வைத்திருக்கிறார் இந்த மனிதர்.

கணக்கு என்றதும் இது வறண்ட இசை என்று நினைத்துவிட வேண்டாம். 3ஆம் ஆய்வு முழுக்க புளூஸ், பூகி-வூகி என்னும் கறுப்பின அமெரிக்க இசையின் துள்ளல்தான். ட்ரம்பெட் வாசித்த அந்த இளைஞன் அதற்குள் இருக்கிறான். ஊரை விட்டு வந்தாலும் ஊரின் தாளம் காலுக்குள் இருந்தது.

அறையின் கதவு திறந்த விதம்

இவ்வளவையும் அவர் யாருக்காகச் செய்தார்? நீண்ட காலம், ஏறக்குறைய யாருக்காகவும் இல்லை. 1962இல் மெக்சிக்கோ நகரில் ஒரு கச்சேரி நடந்தது, வந்தவர்கள் சொற்பம். ஜோன் கேஜ் ஒலிப்பதிவுகளைக் கேட்டார். அவற்றுக்கு நடனக் கலைஞர் மேர்ஸ் கனிங்ஹாம் 1960இல் ஒரு நடனம் அமைத்தார். 1969இல் பெரிய நிறுவனம் ஒன்று ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. ஆனால் ஆட்டம் காணவில்லை. அவர் தன் பாட்டில் துளையிட்டுக்கொண்டிருந்தார்.

1970களின் பிற்பகுதியில் சார்ள்ஸ் அமிர்கானியன் என்ற வானொலிக்காரர் முயன்று, கலிபோர்னியாவில் ஒரு சிறிய நிறுவனத்தின் ஊடாக ஒலிப்பதிவுகளைத் தொடராக வெளியிட்டார். அந்தத் தட்டுகளில் சில பாரிஸ் கடை ஒன்றில் இருந்தன. 1980இல் அவற்றை வாங்கிக் கேட்டவர் ஜோர்ஜி லிகெட்டி. ஐரோப்பாவின் முதன்மையான இசையமைப்பாளர்களில் ஒருவர். அவரும் 1956இல் ஹங்கேரி எழுச்சி நசுக்கப்பட்டபின் எல்லை தாண்டி வியன்னாவுக்குத் தப்பி வந்தவர்தான். கேட்டதும் அமிர்கானியனுக்குக் கடிதம் எழுதினார்: வேபேர்னுக்கும் ஐவ்ஸுக்கும் பிறகு தான் கண்ட மிகப்பெரிய கண்டுபிடிப்பு இது என்ற கருத்தில். ஒருவரின் வார்த்தை ஒரு கதவைத் திறந்தது. அப்போது நான்கரோவுக்கு 67, 68 வயது.

1981இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த இசைவிழாவுக்கு அழைத்தார்கள். 34 வருடங்களுக்குப் பிறகு பிறந்த நாட்டில் கால் வைத்தார். 1982இல் மக்கார்தர் நிதியம் 300,000 டொலர் கொடுத்துக் கௌரவித்தது. லிகெட்டியுடன் ஐரோப்பிய நகரங்களுக்குப் போனார். புதிய தலைமுறை வாத்தியக்காரர்கள் அவருடைய சிக்கல்களைக் கையால் வாசிக்கத் துணிந்து வந்தார்கள். ஆர்டிட்டி என்ற நால்வர் குழுவுக்காக அவர் மறுபடியும் மனிதர்களுக்கு எழுதினார். 1941இல் தடம் மாறிப் போன மேடை, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக்குப் பிறகு அவரிடம் திரும்பி வந்தது.

மனைவி யோகோ சுகியூரா ஜப்பானில் பிறந்த தொல்லியலாளர். அவர்களுக்கு ஒரு மகன். 1997 ஓகஸ்ட் 10ஆம் திகதி, 84ஆவது வயதில், மெக்சிக்கோ நகரில் நான்கரோ காலமானார்.

ஒரு கையெழுத்து

இவ்வளவும் இசை வரலாறு. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது இன்னொரு சிறு சம்பவத்துக்காக.

1980களின் நடுவில், புகழ் வந்த பிறகு, நான்கரோ அமெரிக்காவுக்குத் திரும்பிக் குடியேற முடியுமா என்று ஒரு வழக்கறிஞரைக் கேட்டார். முடியும், ஆனால் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்க வேண்டும் என்று பதில் வந்தது. கம்யூனிசத்தின் பக்கம் போனபோது தான் இளைஞனாகவும் அறிவில்லாதவனாகவும் இருந்ததாகச் சத்தியம் செய்யும் வாக்குமூலம். நான்கரோ மறுத்துவிட்டார். மெக்சிக்கோவிலேயே இருந்துவிட்டார்.

அவருடைய அரசியல் சரியா பிழையா என்பது வேறு விவாதம். ஸ்டாலின் ஆட்சியில் நடந்தவற்றை அறிந்தவர்கள் அந்தக் கட்சியைப் பற்றிப் பல கேள்விகள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். என்னை நிறுத்தியது அந்தக் கையெழுத்து.

1990களின் நடுவில் கொழும்பில் ஒரு விடுதியில் இருந்தேன். வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்த நாட்கள். ஒரு நாள் இரவு விடுதியில் இருந்த எங்கள் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு நாட்களுக்குப் பிறகு விடும்போது ஒரு தாளை நீட்டினார்கள். சிங்களத்தில் எழுதியிருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். கையெழுத்து வைத்தால் போகலாம் என்றார்கள். வைத்தேன். அந்தத் தாளில் நான் எதை ஒத்துக்கொண்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு இங்கே வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, மொழி படித்து, கணக்கியல் படிப்பை மறுபடி தொடங்கி, இன்று மற்றவர்களின் கணக்குகளின் கீழே என் பெயரை எழுதுகிறேன். எங்கள் தொழிலில் கையெழுத்து என்பது ஒரு வாக்கு. 'நான் பார்த்தேன், இது உண்மை' என்று பொருள். ஒவ்வொரு வருட முடிவிலும் கையெழுத்து வைக்கும்போது அந்தச் சிங்களத் தாள் ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போகும்.

அகதிப் பயண ஆவணத்தில் சொந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது என்று இருந்த காலத்தில்தான் என் தந்தை இறந்தார். உரிமையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று சிலர் சொன்னார்கள். பிள்ளைகள் சின்னவர்கள். நான் போகவில்லை. அது துணிவு அல்ல. பயமும் கடமையும் கலந்த ஒன்று. ஆகவே நான்கரோவின் மறுப்பை வைத்துக்கொண்டு, கையெழுத்து வைத்தவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. அவருக்கு வீடு இருந்தது, வேலைக்கூடம் இருந்தது, போக வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. எங்களில் பலருக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் அந்த வசதி இருந்தும் பொய்யில் கையெழுத்து வைக்கிறவர்களை நான் தொழிலில் கண்டிருக்கிறேன். அதனால் அவருடைய மறுப்பின் பெறுமதி எனக்குத் தெரியும். தன் 24ஆவது வயதில் எழுதிய கணக்கை 70 வயதுக்குப் பிறகு பொய்யென்று எழுதித் தர அவர் ஒப்பவில்லை.

அவருடைய இசையும் அப்படித்தான் எனக்குக் கேட்கிறது. ஒவ்வொரு துளையும் அவர் கையால் குத்தியது. யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்த வருடங்களிலும் அவர் ஒரு துளையைக் கூட அண்ணளவாகப் போடவில்லை.

கேட்க விரும்புபவர்களுக்கு

ஒலிப்பதிவுகள் இணையத்தில் இலகுவாகக் கிடைக்கின்றன. ஒரேயடியாகக் கேட்க வேண்டாம்; தலை சுற்றும். முதலில் 3ஆம் ஆய்வின் முதல் பகுதியைக் கேளுங்கள். பிறகு 21. அதன் பிறகு 36. கேட்கும்போது சுருள் ஓடும் காணொளிகளைப் பாருங்கள். துளைகள் நெருங்கி வருவது கண்ணுக்கும் தெரியும். பியானோவோ மிருதங்கமோ படிக்கும் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அவர்கள் எங்களை விட விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள்.

சுவிஸில் இருப்பவர்களுக்கு இன்னொரு தகவல். நான்கரோவின் கையெழுத்துப் பிரதிகளும் அவர் துளையிட்ட சுருள்களும் இன்று பாசல் நகரில், பேராலயச் சதுக்கத்தில் உள்ள போல் சாஹர் நிதியத்தில் பாதுகாக்கப்படுகின்றன. வாடிக்கையாளர் ஒருவரின் பத்திரங்களோடு நான் எத்தனையோ தடவை குறுக்கே நடந்து போன சதுக்கம் அது. ஆர்கன்சாவில் பிறந்து, ஸ்பெயினில் போராடி, மெக்சிக்கோவில் வாழ்ந்தவரின் கடதாசிகள் கடைசியில் நான் தஞ்சம் புகுந்த நாட்டில் வந்து கிடக்கின்றன.

சென்ற கிழமை அந்த வழியால் போனபோது கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, வருட முடிவுக் கணக்கு ஒன்றைப் பார்த்து முடிக்க வேண்டியிருந்ததால், வீட்டுக்கு வந்துவிட்டேன்.